ஏட்டால் எதிர்த்து நின்றவர்

கொலைக்கும் ஒரு கோப்பு உண்டு!

கேட்டதும் தோழர்கள் திகைப்பீர்கள். கத்தி எடுத்தவன் கணக்கு எழுதுவானா? கழுத்தை நெரித்தவன் கையொப்பம் இடுவானா? இருட்டிலே வருகிறவன் இரசீது கொடுத்துவிட்டா போவான்? தெருவோரத் திருடன் அப்படிச் செய்யமாட்டான்தான். ஆனால், அரசே கொலைகாரனாக மாறிவிட்டால்? அங்கே எழுத்தர் உண்டு, தட்டச்சு உண்டு, முத்திரை உண்டு, எத்தனை நகல் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உண்டு. மேலதிகாரியின் ஒப்புதலும் உண்டு.

ஹிட்லரின் ஜெர்மனி அத்தகைய அரசு. ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களை அது கொன்று குவித்தது. துப்பாக்கி பிடித்தவன் மட்டுமா கொன்றான்? பட்டியல் தயாரித்தவனும் கொன்றான். இரயிலுக்கு நேரம் குறித்தவனும் கொன்றான். சட்டம் எழுதியவனும், அந்தச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவனும் கொன்றார்கள். ஒவ்வொருவனும் காகிதத்திலே தன் காலடித் தடத்தை விட்டுச் சென்றான்.

அந்தத் தடங்களைத் தேடித் தேடித் திரட்டினார் ஒருவர். பெயரை மறைக்காமல், பதவியைப் பார்த்துப் பதுங்காமல், கொன்றவர்களின் நாட்டிலேயே, கொன்றவர்களின் மொழியிலேயே அச்சிட்டு வெளியிட்டார். பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர் அவர். பல்கலைக்கழகத்திலே நாற்காலி இல்லை. பின்பலம் தர அரசு இல்லை. இருந்தது ஒரு மேசை, ஒரு பேனா, ஓயாத உழைப்பு. அவர் பெயர் யோசெப் வுல்ஃப்.

சாவின் வாயிலிருந்து

1912 டிசம்பர் 22இல், ஜெர்மனியிலுள்ள கெம்னிட்ஸ் நகரிலே, வசதி படைத்த வணிகக் குடும்பத்திலே பிறந்தார் வுல்ஃப். ஐந்து வயது ஆகுமுன்பே குடும்பம் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகன் யூத மதகுருவாக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனோ எழுத்தாளனாக விரும்பினார்.

1939இல் ஜெர்மன் படை போலந்துக்குள் புகுந்தது. 1941இல் கிராக்கோவ் யூதர்கள் தனிச்சேரிக்குள் தள்ளப்பட்டனர். சுவர் எழுப்பினார்கள், காவல் போட்டார்கள், வெளியே வந்தால் சாவு என்றார்கள். அடைபட்டோர் அத்தனைபேரும் அடங்கிக் கிடக்கவில்லை. இளைஞர்கள் இரகசியப் போர்ப்படை ஒன்று அமைத்தனர். வுல்ஃப் அதிலே சேர்ந்தார். பிடிபட்டார். 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

ஆஷ்விட்ஸ்! அந்தப் பெயரே போதும், விளக்கம் வேண்டியதில்லை. 1945 சனவரியில் சோவியத் படை நெருங்கி வந்தபோது, எஞ்சியிருந்த கைதிகள் சுமார் 56,000 பேரை உறைபனியிலே நடக்கவிட்டு மேற்கு நோக்கி ஓட்டினார்கள் நாஜிகள். விழுந்தவன் சுடப்பட்டான். அந்தச் சாவு நடையிலிருந்து தப்பி ஓடிப் பிழைத்தார் வுல்ஃப். மனைவியும் மகனும் போலந்து உழவர்களின் வீட்டிலே ஒளிந்திருந்து உயிர் தப்பினர். ஆனால் தந்தை இல்லை. தாய் இல்லை. தமையன் தம்பி என்று சொல்ல ஆள் இல்லை.

இப்படிப்பட்டவன் என்ன செய்வான்? பழிவாங்கக் கிளம்பலாம், எவரும் குறைசொல்ல மாட்டார்கள். எங்கேனும் போய் ஒடுங்கிக் கிடக்கலாம், அதையும் எவரும் குறைசொல்ல மாட்டார்கள். வுல்ஃப் இரண்டையும் செய்யவில்லை. காகிதம் பொறுக்கக் கிளம்பினார்!

போலந்திலே உயிர் பிழைத்த யூதர்கள், புண் ஆறுமுன்பே, வரலாற்று ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். தப்பியவர்களிடம் வாக்குமூலம் வாங்குவது, நாஜிகள் விட்டுச்சென்ற கோப்புகளைச் சேர்ப்பது, இடிபாடுகளைத் தோண்டுவது அதன் வேலை. வார்சா சேரியின் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து, 1946 செப்டம்பரில், இமானுவேல் ரிங்கெல்பிளம் என்ற வரலாற்றாசிரியரின் குழு புதைத்து வைத்திருந்த தகரப் பெட்டிகள் தோண்டி எடுக்கப்பட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள், எழுதியது மாளவில்லை. அந்த ஆணைக்குழுவில் வுல்ஃப் பணிபுரிந்தார். தம் வாழ்நாள் பணி எது என்று அங்கேதான் அவருக்கு விளங்கியது.

சிங்கத்தின் குகையிலே

1947இல் போலந்தை விட்டுப் பாரிஸ் சென்றார். 1950களின் முற்பகுதியில் யாரும் எதிர்பாராத ஒரு முடிவெடுத்தார். மேற்கு பெர்லினிலே குடியேறினார்!

எந்த நகரிலிருந்து தன் குடும்பத்தைக் கொல்ல ஆணை பிறந்ததோ, அந்த நகரிலா? ஆம், அந்த நகரிலேதான். ஆவணம் அங்கே இருந்தது. அதைப் படிக்கவேண்டிய மக்கள் அங்கே இருந்தார்கள். நோய் இருக்கும் இடத்திலேதானே மருந்து வேண்டும்!

அன்றைய மேற்கு ஜெர்மனி எப்படி இருந்தது? புதுத் தொழிற்சாலைகள் எழுந்தன. பழைய புகைப்போக்கிகளைப் பற்றிப் பேச்சில்லை. புதுச் சாலைகள் விரிந்தன. அவற்றிலே பழைய முகங்கள் பவனி வந்தன. 1951இல் ஒரு சட்டம் வந்தது. போர் முடிந்ததும் வேலையிழந்திருந்த நாஜி காலத்து அரசு ஊழியரில் மிகப் பலர் அதன் துணையால் மீண்டும் அலுவலகம் ஏறினர். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டு நூரம்பர்க் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் ஹான்ஸ் குளோப்கே. அவர் 1953 முதல் 1963 வரை முதல்வர் அடினாவரின் அலுவலகத்துக்கே தலைமை அதிகாரி! மற்றவற்றைத் தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஊரிலே வுல்ஃப் தம் முதல் குண்டை வீசினார். காகிதக் குண்டு! பாரிசில் அறிமுகமான வரலாற்றாசிரியர் லியோன் பொலியாக்கோவுடன் சேர்ந்து, 'மூன்றாம் பேரரசும் யூதர்களும்' என்ற ஆவணத் தொகுப்பை 1955இல் வெளியிட்டார். மூன்றாம் பேரரசு என்பது ஹிட்லர் ஆட்சி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர். 1956இல் 'மூன்றாம் பேரரசும் அதன் ஊழியர்களும்' வந்தது. அமைச்சகமும் நீதிமன்றமும் படைத்துறையும் அதிலே குற்றவாளிக் கூண்டிலே நின்றன. 1959இல் 'மூன்றாம் பேரரசும் அதன் சிந்தனையாளர்களும்' வந்தது. இப்போது கூண்டிலே நின்றவர்கள் பேராசிரியர்கள்!

அவருடைய முறை எளிமையானது. வசைபாடவில்லை, வாதாடவில்லை, கண்ணீர் விட்டுக் கதறவில்லை. 'இதோ கடிதம், இதோ தேதி, இதோ கையொப்பம், இதோ பதவி. படித்துக்கொள்!' என்று முன்னால் வைத்தார். அவ்வளவுதான். குற்றம் சாட்டும் வேலையைக் குற்றவாளியின் எழுத்தே செய்தது.

1963, 1964 ஆண்டுகளில் ஐந்து தொகுதிகள் வந்தன. இசை ஒன்று. ஓவியமும் சிற்பமும் ஒன்று. இலக்கியம் ஒன்று. நாடகமும் திரைப்படமும் ஒன்று. பத்திரிகையும் வானொலியும் ஒன்று. 'நாங்கள் கலைஞர்கள், அரசியல் எங்களுக்கு என்ன தெரியும்?' என்று கைகழுவியவர்களின் கைகளிலே இருந்த மையை அவர் காட்டினார்.

எழுதுகோல் பிடித்த நாம் அந்த ஐந்தாம் பொருளருகே சற்று நிற்கத்தான் வேண்டும். 1933 அக்டோபரிலே ஹிட்லர் ஆட்சி பத்திரிகை ஆசிரியர்களுக்கென ஒரு சட்டம் செய்தது. ஆசிரியன் இனி வாசகனுக்குப் பொறுப்பல்ல, அரசுக்குப் பொறுப்பு. யூதனுக்கு அந்தத் தொழிலே இல்லை. எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று கோயபல்சின் அமைச்சகம் அன்றாடம் உத்தரவு அனுப்பியது. 1936 நவம்பரில் கலை விமர்சனத்துக்கே தடை! படத்தை வருணிக்கலாம், நன்றா தீதா என்று சொல்லக்கூடாது. பேனா இருந்தது, மை இருந்தது, எழுத்தும் இருந்தது. இல்லாமற்போனது நா!

சொல்லுக்குள் ஒளிந்த கத்தி

வுல்ஃபின் நூல்களிலே சிறியது ஒன்று உண்டு. 'கொலைகாரர்களின் அகராதியிலிருந்து' என்ற தலைப்பில் 1963இல் வந்தது. ஒரு சொல்லையும் அதை ஒட்டிய சொற்களையும் பற்றிய நூல் அது. ஜெர்மன் மொழியிலே 'சோண்டர்பெஹாண்ட்லுங்' என்பார்கள். தமிழிலே சொன்னால், தனிக்கவனிப்பு.

தனிக்கவனிப்பு! என்ன இனிமையான சொல்! விருந்தாளிக்குச் செய்வது, நோயாளிக்குச் செய்வது, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குச் செய்வது என்றெல்லாம் நினைக்கத் தோன்றுகிறதல்லவா? நாஜிக் கோப்புகளிலே அதன் பொருள் கொலை. 'இத்தனை பேர் தனிக்கவனிப்புக்கு உட்படுத்தப்பட்டனர்' என்று எழுதினால், இத்தனை பேர் பிணமாயினர் என்று பொருள். எழுதியவனுக்குத் தெரியும், படித்தவனுக்கும் தெரியும். வெளியார் பார்த்தால் விளங்காது. அத்தகைய கோப்புகளை வரிசையாக அடுக்கி, அந்தச் சொல்லின் முகமூடியைக் கிழித்தார் வுல்ஃப்.

பாடம் தெளிவானது, தோழர்களே! கொடுமை செய்பவன் முதலில் சொல்லைக் கெடுப்பான். பட்டினி போடுவதற்கு ஒரு பட்டுச் சொல் தேடுவான். ஊரைவிட்டு விரட்டுவதற்கு ஒரு வாசனைச் சொல் தேடுவான். சொல்லைச் சோதிப்பவன்தான் சூழ்ச்சியைப் பிடிப்பான்.

'உனக்கு நிதானம் போதாது!'

இத்தனை செய்தவரைக் கற்றோர் உலகம் எப்படி வரவேற்றது? இங்கேதான் நம் நெஞ்சு கொதிக்கிறது.

நாஜி காலத்தை ஆராய்வதற்கென்றே மூனிச் நகரிலே 1949இல் ஒரு நிலையம் அமைந்தது. தற்கால வரலாற்று நிலையம் என்று பெயர். அங்கே இளைஞராகச் சேர்ந்து, பின்னர் 1972 முதல் 1989 வரை அதன் இயக்குநராக விளங்கியவர் மார்ட்டின் புரோசாட். அவர் அறிவிலே குறைந்தவர் அல்லர். ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவன் ஹோஸ் எழுதிய குறிப்புகளை 1958இல் பதிப்பித்தவர். பிராங்பர்ட் நகரில் நடந்த ஆஷ்விட்ஸ் வழக்கிலே நிபுணர் அறிக்கை தந்தவர். இதையெல்லாம் மறைத்துப் பேசினால் நாமும் நேர்மை தவறியவர்களாவோம்.

ஆனால் கேளுங்கள். வார்சா சேரியின் அழிவைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலிலே, அந்நகரின் ஜெர்மன் நிர்வாகத்தில் சுகாதாரத் தலைமை வகித்த வில்ஹெல்ம் ஹாகன் என்ற மருத்துவரைக் குற்றவாளிகளின் வரிசையிலே வைத்தார் வுல்ஃப். போருக்குப் பின் கூட்டரசின் சுகாதாரத் துறைக்கே தலைவராக இருந்தவர் அந்த மருத்துவர். போலந்து மக்களைக் கொல்லும் திட்டத்தை எதிர்த்து 1942இல் ஹிட்லருக்கே கடிதம் எழுதியவர் அவர் என்பதும் உண்மை. அவர் நியாயம் கேட்டு மூனிச் நிலையத்தின் கதவைத் தட்டினார். நிலையம் அவர் பக்கம் நின்றது. குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுமாறு வுல்ஃபை வற்புறுத்திக் கடிதம் எழுதினார் புரோசாட். ஆவணம் இருக்கிறது என்றார் வுல்ஃப். ஆராய்ச்சிக்கு நிதானம் வேண்டும் என்றது மறுபக்கம்.

ஒரு போலந்து மனிதனுக்காகப் பேசியவன், யூதனுக்குத் தீங்கே செய்திருக்க மாட்டான் என்று எந்த நூலிலே எழுதியிருக்கிறது? ஒரு நல்ல கடிதம் மற்றக் கடிதங்களை அழித்துவிடுமா?

நிதானம்! இந்தச் சொல்லையும் சோதித்துப் பார்ப்போம். அடிபட்டவன் பேசினால் அழுகை. அருகிலிருந்து பார்த்தவன் பேசினால் ஆராய்ச்சி. முகாமிலிருந்து மீண்டவன் எழுதினால் உணர்ச்சிவயம். அந்த நாட்டிலே சீருடை அணிந்து வளர்ந்த தலைமுறை எழுதினால் நடுநிலை. இதுவல்லவா அந்த நிதானத்தின் இலக்கணம்!

காலம் ஒரு கணக்கை வெளியிட்டது. நிக்கோலஸ் பெர்க் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட நூலிலே அந்தக் கடிதப் போரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அதோடு இன்னொன்றும் வெளிவந்தது. 1944ஆம் ஆண்டு நாஜிக் கட்சியின் உறுப்பினர் பதிவிலே புரோசாட்டின் பெயரும் இருந்தது! அப்போது அவருக்கு வயது 17. அந்த வயதிலே செய்ததற்காக ஒருவரைத் தூக்கிலிடச் சொல்லவில்லை நாம். 1989இல் இறக்கும்வரை அதை அவர் வெளியிலே சொல்லவில்லையே என்றுதான் கேட்கிறோம். தன் கையிலே இருந்த எண்ணைக் காட்டியவனுக்கு நிதானம் இல்லையாம்! தன் பெயரிருந்த சீட்டைக் காட்டாதவருக்கு நடுநிலை உண்டாம்!

ஏரிக்கரை மாளிகை

பெர்லினின் புறத்தே வான்சே என்ற ஏரி. அதன் கரையிலே ஓர் எழில் மாளிகை. 1942 சனவரி 20 அன்று அங்கே 15 உயர் அதிகாரிகள் கூடினார்கள். கூட்டத்தைக் கூட்டியவன் ஹெய்ட்ரிக். குறிப்புத் தயாரித்தவன் ஐக்மன். படிக்காத முரடர்கள் கூடிய கூட்டமல்ல அது. 15 பேரில் 8 பேர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள்!

கொலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1941இலேயே சோவியத் மண்ணிலே யூதர்கள் இலட்சக்கணக்கில் சுட்டுத் தள்ளப்பட்டனர். எல்லா அமைச்சகங்களும் இணைந்து ஐரோப்பா முழுவதும் அதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்பதுதான் அன்றையப் பேச்சு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடந்தது. பிறகு தயாரான 15 பக்கக் குறிப்பிலே நாடுவாரியாக ஒரு பட்டியல் உண்டு. மொத்தம் ஒரு கோடியே 10 லட்சம் யூதர்கள். அல்பேனியா என்ற சிறு நாட்டிலிருந்த 200 பேரைக்கூட மறக்கவில்லை அந்தப் படித்த மேதைகள்! 30 நகல்கள் எடுத்தார்கள். எஞ்சியது ஒன்றே ஒன்று, 16ஆம் நகல். 1947இல் அது கண்டெடுக்கப்பட்டது. அந்த ஒரு நகலும் எரிந்திருந்தால், 'அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை' என்று சொல்ல எத்தனை நாக்குகள் துடித்திருக்கும்!

போருக்குப் பின் அந்த மாளிகை என்ன ஆயிற்று? 1952 முதல் பெர்லினின் நொய்கேல்ன் வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கும் விடுதி ஆயிற்று. அந்த வீட்டை நாஜிசத்தை ஆராயும் உலக ஆவண நிலையமாக்க வேண்டும் என்றார் வுல்ஃப். 1966இல் அதற்கென ஒரு சங்கம் தொடங்கினார். தத்துவப் பேரறிஞர் கார்ல் யாஸ்பெர்ஸ் துணை நின்றார். யூத உலகப் பேரவையும் ஆதரித்தது. கேட்டது கோட்டையல்ல, கொத்தளமல்ல. ஒரு வீடு!

கிடைத்ததா? பிள்ளைகள் எங்கே போவார்கள் என்றார்கள். பிணவாடை வீசும் வழிபாட்டிடம் வேண்டாம் என்ற பொருளிலே பேசினார் மேயர் கிளவுஸ் ஷூட்ஸ். ஆண்டுகள் ஓடின. யாஸ்பெர்ஸ் 1969இல் மறைந்தார். சங்கம் சோர்ந்து கலைந்தது.

விருது கொடுத்தார்கள். 1961இல் லியோ பெக் பரிசு. 1964இல் ஓசியட்ஸ்கி பதக்கம். 1970இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். கழுத்திலே மாலை, கையிலே பதக்கம், கேட்ட வீடு மட்டும் இல்லை! பாராட்டு என்பது சில நேரங்களில் கதவை மெல்லச் சாத்தும் ஓசை, தோழர்களே.

வெளியே என்ன நடந்தது? 1968இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. தன் சொந்த வெறியால் அன்றி, ஆணைக்குப் பணிந்து கொலைக்குத் துணைபோன அதிகாரியின் குற்றம் காலாவதி ஆகிவிட்டது என்ற நிலையை அது உண்டாக்கிற்று. பெர்லினிலே பல ஆண்டு உழைத்து, ஹிம்லரின் தலைமை அலுவலகத்தார் மீது தயாரித்துவந்த வழக்குகளில் பல பொலபொலவென்று உதிர்ந்தன. நாற்காலியிலே உட்கார்ந்து கொன்றவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

வுல்ஃபின் மேசைக்கு மேலே அவரே எழுதிவைத்த ஓர் அறிவிப்பு இருந்தது. 60 லட்சத்தை நினைவிற்கொள் என்பது அதன் செய்தி. அதன் கீழே அமர்ந்து ஆண்டுக்கணக்கில் எழுதினார். 1973இல் மனைவி மறைந்தார். 1974 ஆகஸ்டிலே மகனுக்கு எழுதிய கடிதத்தில் மனம் உடைந்து கொட்டினார். மூன்றாம் பேரரசைப் பற்றி 18 நூல்கள் எழுதினேன், ஒன்றுக்கும் பலனில்லை என்றார். எத்தனை நல்ல மக்களாட்சி நடந்தாலென்ன, கொலைகாரர்கள் வீடு கட்டிப் பூச்செடி வளர்த்துக்கொண்டு உலவுகிறார்களே என்றார். 1974 அக்டோபர் 10 அன்று தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 61.

பலனில்லையா?

அந்தப் பெருமகனின் முடிவை நாம் போற்றவில்லை. அவர் கடைசிக் கணக்கையும் நாம் ஒப்பவில்லை. பலனில்லை என்றாரே, அது தவறான கணக்கு! தனித்து நின்று போட்ட கணக்கு அது. தோள்கொடுக்க ஆளில்லாதபோது நெஞ்சம் போடும் கணக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

விளைவைப் பாருங்கள். வுல்ஃப் கேட்ட அந்த வீடு, 1992 சனவரி 20 அன்று, கூட்டம் நடந்து சரியாக 50 ஆண்டு நிறைந்த நாளிலே, நினைவகமாகவும் கல்வி நிலையமாகவும் திறக்கப்பட்டது. பிள்ளைகள் இன்றும் அங்கே வருகிறார்கள்; விளையாட அல்ல, தெரிந்துகொள்ள. அங்கேயுள்ள நூலகத்துக்கு யோசெப் வுல்ஃப் என்றே பெயர். உயிரோடு இருந்தவருக்கு மறுத்த வாசலிலே, மறைந்தபின் அவர் பெயரை எழுதினார்கள். 2013இல் கிளவுஸ் கெம்ப்டர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதினார். நிதானம் போதாது என்று ஒதுக்கப்பட்டவர், இன்று ஆராய்ச்சியின் முன்னோடி எனப்படுகிறார்.

அவர் மறைந்து 18 ஆண்டு கழித்து! அந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு? எதிர்த்தவர்கள் மட்டுமல்ல. 'நல்ல மனிதர், நல்ல பணி' என்று தலையாட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனவர்களும் பொறுப்பு. உண்மையைச் சொல்பவனுக்குக் கைதட்டல் போதாது. அவன் பக்கத்திலே வந்து நிற்க ஆள் வேண்டும்.

தோழர்களே! பெரிய படிப்பு இல்லையே, பெரிய பதவி இல்லையே, நம்மால் என்ன ஆகும் என்று மலைக்காதீர்கள். பட்டமில்லாத ஒருவர், பட்டதாரிகள் பூட்டி வைத்ததைத் திறந்து காட்டினார். கொடுமை நடக்கும்போது நாளைக் குறித்து வையுங்கள். பெயரைக் குறித்து வையுங்கள். வந்த காகிதத்தைக் கிழித்தெறியாமல் காப்பாற்றுங்கள். சீட்டாக இருக்கட்டும், சுற்றறிக்கையாக இருக்கட்டும், வேலைநீக்க உத்தரவாக இருக்கட்டும், ஒருநாள் அது சாட்சிக் கூண்டிலே ஏறும்!

அப்படி ஏற்றிவைக்க ஒருவன் தனியே போராடுவதைக் கண்டால், அவன் 18ஆம் நூலை எழுதும்வரை காத்திராதீர்கள். முதல் நூலிலேயே அவன் தோளைத் தொடுங்கள்!